தொலைபேசிக் கம்பியில் வந்த கோட்டை

‘ஃபேட்டல் லேபிரிந்த்’ என்ற பழைய சேகா விளையாட்டில் தங்கத்துக்கு ஒரே ஒரு பயன்தான் உண்டு. அதைக் கொடுத்து வாள் வாங்க முடியாது, மருந்து வாங்க முடியாது. முப்பது மாடிக் கோட்டைக்குள் ஏறிக்கொண்டே போகும் நாயகன் டிரைக்கார் எங்காவது செத்து விழும்போது, அவன் சேர்த்த தங்கத்தைப் பொறுத்து அவனுடைய அடக்கம் நடக்கும். வெறுங்கையோடு செத்தால் எளிய குழி. மடி கனக்கச் செத்தால் பெரிய மரியாதை. 1990-இல் ஜப்பானில் இப்படி ஒரு யோசனை எங்கிருந்து வந்தது? தேடிக்கொண்டு போனால் கலிபோர்னியாவின் பல்கலைக்கழகக் கணினி அறை, பிரஷ்ய மன்னரின் அரண்மனை என்று சுற்றி, கடைசியில் சதுரங்கப் பலகையின் முன்னால் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

‘ரோக்லைக்’ என்று இன்று அழைக்கப்படும் விளையாட்டுகளை ஆடியவர்களுக்கு அவற்றின் இலக்கணம் பழக்கமானதுதான். ஒவ்வொரு முறையும் அறைகள் புதிதாக அமையும். நீங்கள் ஓர் அடி வைத்தால் அரக்கனும் ஓர் அடி வைப்பான். நீங்கள் நின்று யோசித்தால் அவனும் காத்திருப்பான். புட்டிக்குள் இருப்பது மருந்தா நஞ்சா என்று குடித்துப் பார்த்தால்தான் தெரியும். செத்தால் மறுபடி முதலிலிருந்து. இந்த விதிகள் எல்லாம் ஒரே நாளில், ஒரே மூளையில் உதித்தவை அல்ல. ஆளுக்கொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

முதலில் வந்தது ஆள் மாற்றி ஆள் நகர்த்தும் முறை. இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் போய், அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன கதை தெரிந்ததே. 1780-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் அந்தப் பலகையை எடுத்து விரித்தார். பூச்சிகளைச் சேகரித்து ஆராய்வதிலும் பெயர் பெற்றவர் அவர். அறுபத்து நான்கு கட்டங்கள் ஆயிரத்தைத் தாண்டின. மலைக்கு ஒரு நிறம், சதுப்புக்கு ஒரு நிறம், தண்ணீருக்கு ஒரு நிறம் என்று கட்டங்கள் நிலமாக மாறின. ராணுவத்துக்குப் போகப்போகும் இளைஞர்களுக்குப் போரைச் சொல்லிக்கொடுக்க அவர் கண்டுபிடித்த வழி அது.

அதுவும் போதாது என்று நினைத்தவர் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யர். 1812-இல் மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியத்துக்கு அவர் கொடுத்தது ஒரு மேசை. இழுப்பறைகளில் படைகளும், மேலே ஆறும் சாலையும் மேடும் வார்த்த சதுரத் துண்டுகளும் இருந்தன. துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினால் ஆட்டத்துக்கு ஆட்டம் புது நிலம். 1824-இல் அவருடைய மகன் விதிகளைத் திருத்தினார்: அடி விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும், எதிரியின் படை உங்கள் பார்வைக்குள் வரும்வரை அது எங்கே இருக்கிறது என்பதை நடுவர் சொல்லமாட்டார். மாறும் நிலம், பகடையின் தீர்ப்பு, கண்ணில் படாத எதிரி. ரோக்லைக்கின் பாதி எலும்பு பெர்லினில் அப்போதே கூடிவிட்டது என்பேன்.

இப்படி ஆடுபவரின் கையில் நூறாண்டுகளுக்கு மேல் இருந்தது படைதான். 1880-இல் டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி எழுதிய ‘ஸ்ட்ராட்டகோஸ்’ என்ற போர் விளையாட்டு விதிநூல் மின்னசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் கிடந்தது. அதை எடுத்துப் படித்த டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், 1969-இல் ஓர் ஆட்டம் நடத்தினார். அதில் சிலரைப் படைத்தலைவர்களாக அல்லாமல் ஊரின் தனி மனிதர்களாக ஆடச் சொன்னார். ஆடியவர்களில் ஒருவர் டேவ் ஆர்னசன். அவர் ஒரு கோட்டையையும் அதன் அடியில் நிலவறைகளையும் வரைந்து நண்பர்களை உள்ளே அனுப்பினார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-இல் வெளியிட்டதுதான் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. படை போய்விட்டது, ஒரு வாள், ஒரு விளக்கு, ஒரு பை ஆகியவற்றோடு இருட்டில் இறங்கும் ஓர் ஆள் மிஞ்சினான்.

அந்த ஆளைக் கணினிக்குள் அனுப்பியவர் வில் குரௌதர். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் வேலை பார்த்தவர். கென்டக்கியின் மாமத் குகையை அளந்து வரைந்தவர். மணமுறிவுக்குப் பிறகு, தன் மகள்கள் ஆடுவதற்காக அந்தக் குகையையே எழுத்தில் கட்டி ‘அட்வென்ச்சர்’ என்ற விளையாட்டாக்கினார். அது பல்கலைக்கழகங்களில் தீயாய்ப் பரவியது. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. புதிர்களை ஒருமுறை அவிழ்த்துவிட்டால் மறுமுறை ஆட ஒன்றும் இல்லை. அதை எழுதியவருக்கோ முதல் முறைகூட இல்லை.

இந்தக் குறைதான் சான்டா குரூஸில் படித்த மைக்கேல் டாய், கிளென் விக்மன் என்ற இரு மாணவர்களை உறுத்தியது. எழுதியவரையே ஏமாற்றும் விளையாட்டு ஒன்று வேண்டும் என்று நினைத்தார்கள். அதற்கான கருவி கலிபோர்னியாவிலேயே தயாராக இருந்தது. பெர்க்லியில் கென் அர்னால்ட் ‘கர்சஸ்’ என்ற நிரல் தொகுப்பை எழுதியிருந்தார். அதுவரை பெரும்பாலான விளையாட்டுகள் திரையின் அடியில் வரி வரியாக எழுத்தைக் கக்கிக்கொண்டிருந்தன. கர்சஸ் இருந்தால் திரையில் எந்த இடத்திலும் எந்த எழுத்தையும் வைக்கலாம். 24 வரி, வரிக்கு 80 எழுத்து கொண்ட அந்தத் திரையே நிலவறையாயிற்று. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருமே, அந்த ‘அட்’ குறிதான் நாயகன். ஏ முதல் இசட் வரையுள்ள பெரிய எழுத்துகள் இருபத்தாறும் அரக்கர்கள். இருபத்தாறாம் தளத்தில் யெண்டரின் தாயத்து இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மேலே திரும்பி வரவேண்டும்.

இங்கே ஒரு சின்ன விபத்தைச் சொல்லாமல் நகர முடியவில்லை. இந்த வகை விளையாட்டுகளில் இடம், கீழ், மேல், வலம் என்று நகர எச், ஜே, கே, எல் விசைகளை அழுத்தும் வழக்கம் உண்டு. காரணம், பெர்க்லியில் பில் ஜாய் ‘விஐ’ என்ற எழுதுநிரலை உருவாக்கியது ஏடிஎம்-3ஏ என்ற முனையத்தில். அதன் விசைப்பலகையில் அம்புக்குறிகள் அந்த நான்கு எழுத்துகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன. விஐ அவற்றை எடுத்துக்கொண்டது, விளையாட்டுகள் விஐயிடமிருந்து எடுத்துக்கொண்டன. அந்தப் பலகையை வடிவமைத்தவருக்கு அரக்கர்களைப் பற்றி எந்தக் கவலையும் இருந்திருக்காது. முனையம் மறைந்துவிட்டது, விரல்கள் மட்டும் இன்றும் அங்கேயே போகின்றன.

அந்த மாணவர்கள் எழுதிய விளையாட்டின் பெயர் ‘ரோக்’. 1980-இல் பிறந்த அது, 1983-இல் பெர்க்லியின் யுனிக்ஸ் தொகுப்பான 4.2 பிஎஸ்டியோடு நாடா நாடாவாக உலகப் பல்கலைக்கழகங்களுக்குப் போனது. ஆனால் இயங்கும் நிரல் மட்டுமே போனது. மூலநிரல் கூடப் போகவில்லை. மாசசூசெட்ஸ் பள்ளி மாணவர் ஜே ஃபென்லசன் மூலநிரலைக் கேட்டார், கிடைக்கவில்லை. உட்கார்ந்து தன் நண்பர்களோடு முதலிலிருந்து தானே எழுதினார். அதன் பெயர் ‘ஹேக்’. ஓக்லஹோமாவில் ராபர்ட் கெனக்கிக்கு வேறு தடை. அவர் வேலைக்குப் போன துறையின் கணினியில் ரோக் ஓடவில்லை. அவரும் ஒன்றை எழுதினார்: ‘மோரியா’. மூலநிரலைக் கொடுத்திருந்தால் ஒரு விளையாட்டாகவே இருந்திருக்கும்; கொடுக்காததால் ஒரு குலமாகப் பெருகிற்று. மோரியாவின் வாரிசு ‘ஆங்பண்ட்’. அதை விரும்பி ஆடிய டேவிட் பிரெவிக்தான் பின்னாளில் ‘டயாப்லோ’வை உருவாக்கியவர். ஹேக் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய், அங்கே கணித மையத்தில் இருந்த ஆண்ட்ரீஸ் பிரௌவரின் கையில் வளர்ந்தது. 1987-இல் அது ‘நெட்ஹேக்’ ஆனபோது பணியாற்றியவர்களில் ஒருவர் பென்சில்வேனியாவின் தத்துவப் பேராசிரியர் இஸ்ஹாக் மில்லர். அவர் மறைந்த பிறகும் நெட்ஹேக்கின் ஒரு விளக்குக் கடையில் இஸ்ஹாக் என்ற பெயரில் கடைக்காரர் இருந்துகொண்டிருக்கிறார்.

டாயும் நண்பர்களும் ரோக்கைத் தனிக்கணினிகளுக்காக விற்றும் பார்த்தார்கள். பெரிதாகப் போகவில்லை.

இதற்கிடையில் ஜப்பானில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. எனிக்ஸ் என்ற புதிய நிறுவனம் 1982-இல் நிரல் எழுதும் போட்டி ஒன்றை நடத்தியது. பரிசு பெற்றவர்களில் யூஜி ஹோரி என்ற பத்திரிகை எழுத்தாளரும், பள்ளி மாணவரான கோய்ச்சி நகமுராவும் இருந்தார்கள். 1983-இல் அவர்களை சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஆப்பிள் கணினிக் கண்காட்சிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஹோரி கண்டது ‘விசார்ட்ரி’ என்ற அமெரிக்க நிலவறை விளையாட்டை. அதன் விளைவு, 1986-இல் நகமுராவின் சுன்சாஃப்ட் குழு நிரல் எழுதி, ஹோரி கதை எழுதி வந்த ‘டிராகன் குவெஸ்ட்’. விரிகுடாவின் எதிர்க்கரையில்தான் பெர்க்லி இருக்கிறது. ஆனால் அந்தப் பயணத்திலிருந்து ஜப்பானுக்குப் போய் வேர்விட்டது ரோக் அல்ல. அதன் தூரத்து உறவு.

டிராகன் குவெஸ்ட் மனிதர்களிடம் கனிவாக நடந்துகொண்டது. நாயகன் செத்தால் அரசர் முன்னால் எழுந்து நிற்பான்; பாதித் தங்கம் போகும், பெற்ற அனுபவம் போகாது. பொறுமையோடு உழைத்தால் யாரும் முடித்துவிடலாம். லட்சக்கணக்கான பிள்ளைகள் இந்தக் கனிவில் பழகிவிட்டார்கள். அவர்களிடம் போய், செத்தால் எல்லாம் போயிற்று என்று சொல்லும் ஒரு விளையாட்டை யார் விற்பது?

சேகா துணிந்தது. துணிச்சலுக்குப் பின்னால் ஒரு நெருக்கடியும் இருந்தது என்பது என் ஊகம். 1990 நவம்பரில் சேகா, தன் மெகா டிரைவ் விளையாட்டுக் கருவியைத் தொலைபேசி இணைப்போடு சேர்க்கும் ‘மெகாநெட்’ சேவையை ஜப்பானில் தொடங்கியது. கடைக்குப் போகாமல் வீட்டிலிருந்தே விளையாட்டை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மோடத்தின் வேகம் நொடிக்கு அதிகம் போனால் 2,400 பிட். 128 கிலோபைட் வருவதற்கே ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் இதைவிடப் பல மடங்கு பெரியது. அவ்வளவு சிறிய இடத்துக்குள் நாட்கணக்கில் ஆடக்கூடிய ஒன்றை எப்படி அடைப்பது? வரைந்துவைத்த ஊர்களும் நீண்ட கதையும் இடத்தைத் தின்றுவிடும். தன் அறைகளைத் தானே கட்டிக்கொள்ளும் விளையாட்டு என்றால் கட்டும் விதியை மட்டும் அனுப்பினால் போதும். பத்தாண்டுகளுக்கு முன் எழுத்துத் திரைக்காகப் பிறந்த ரோக், மெல்லிய தொலைபேசிக் கம்பிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது.

அப்படி வந்ததுதான் ‘ஷி நோ மெய்க்யூ’. 1991-இல் கேட்ரிட்ஜாகி வெளிநாடுகளுக்குப் போனபோது ‘ஃபேட்டல் லேபிரிந்த்’ என்று பெயர் மாறிற்று. டிராகோனியா என்ற கோட்டை மண்ணுக்குள்ளிருந்து எழும்புகிறது. ஊரின் புனிதக் கிண்ணம் பறிபோகிறது. டிரைக்கார் மீட்கப் போகிறான். கதை அவ்வளவுதான். எழுத்துகள் இருந்த இடத்தில் வண்ணப் பதுமைகள் வந்திருந்தாலும் உள்ளே துடிப்பது ரோக்கின் இதயம். சுவர் என்று நினைத்த இடத்தில் மறைந்த வழி இருக்கும். போட்டுக்கொண்ட மோதிரம் சாபம் பிடித்ததாக இருக்கும். பசி வந்துகொண்டே இருக்கும். வயிற்றைப் பொறுத்தவரை ரோக்கில் பசி மட்டும்தான் எமன். இங்கே அளவுக்கு மீறித் தின்றாலும் உயிருக்கு ஆபத்து. ஆகவே வழியில் கிடக்கும் உணவைப் பார்த்தால் மகிழ்ச்சியோடு ஒரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது: இப்போது இதை மிதித்து எடுக்கலாமா, சுற்றிப் போய் வயிறு காய்ந்த பிறகு வரலாமா?

அடக்கச் சடங்கின் கணக்கும் ரோக்கிலிருந்து வந்ததுதான் என்று நம்புகிறேன். ரோக்கில் செத்தால் எழுத்துகளாலேயே வரைந்த ஒரு கல்லறைக் கல் திரையில் தோன்றும். பெயர், சேர்த்த தங்கம், கொன்ற அரக்கன், ஆண்டு எல்லாம் அதில் பொறித்திருக்கும். அங்கே தங்கம் என்பது மதிப்பெண். சேகாவில் யாரோ ஒருவர் அந்தக் கல்லைப் பார்த்து, எண்ணை அழித்துவிட்டுக் கல்லையே பெரிதாக்கலாம் என்று யோசித்திருக்கிறார். மதிப்பெண் பட்டியலில் இல்லாத ஒரு துக்கம் இதில் வந்துவிடுகிறது. இந்த விளையாட்டை வறண்டது, ஒரே மாதிரியானது என்று அன்றைய விமரிசகர்கள் பலர் ஒதுக்கியதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அதே காலத்தில் சேகா, கையடக்கமான கேம் கியருக்காக ‘டிராகன் கிரிஸ்டல்’ என்ற தம்பியையும் கொண்டுவந்தது. மிதிவண்டியில் வந்த ஒரு சிறுவன் பழம்பொருள் கடைக்குள் நுழைகிறான். பளிங்கு உருண்டை ஒன்று ஒளிர்கிறது. கண் திறந்தால் செடிகளும் மரங்களும் சுவராக நிற்கும் ஒரு காடு. பின்னாலேயே ஒரு முட்டை தொடர்ந்து வருகிறது. ஆட ஆட அது பொரிந்து டிராகனாக வளர்கிறது. நமக்காகச் சண்டை போடாது. சும்மா கூடவே வரும். தனிமையே குணமான இந்த வகை விளையாட்டில் அப்படி ஒரு துணையை வைத்தவரை நான் மெச்சுகிறேன்.

1991-இல் கொனாமியின் முறை. நின்டெண்டோவின் கேம் பாய்க்காக ‘கேவ் நுவார்’ வந்தது. முப்பது மாடி ஏறச் சொல்லவில்லை. அரக்கர்களைக் கொல்வது, தங்கம் சேர்ப்பது, உருண்டைகள் தேடுவது, அடைபட்ட தேவதைகளை விடுவிப்பது என்று நான்கு வகைப் பணிகள். ஒவ்வொன்றும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். எண்ணிக்கை கிடைத்ததும் வெளியேற வேண்டும், அவ்வளவுதான். ரயிலில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஆடிவிடக்கூடிய ரோக்கை இவர்கள் செதுக்கியிருந்தார்கள். இன்று கைப்பேசியில் எல்லோரும் செய்ய முயல்வது இதைத்தான். ஆனால் அது ஜப்பானை விட்டு வெளியே விற்பனைக்கே போகவில்லை. பிற்காலத்தில் ரசிகர்கள் ஆங்கிலத்துக்கு மாற்றிய பிறகுதான் பிறருக்குத் தெரிந்தது.

இவை எதுவும் ஜப்பானின் மனத்தை வெல்லவில்லை. வென்றது ஒரு வியாபாரி. டிராகன் குவெஸ்டின் நான்காம் பாகத்தில் (1990) டோர்னெக்கோ என்ற தொந்திக்காரக் கடைக்காரன் இருந்தான். வீரன் இல்லை, விலை பேசத் தெரிந்தவன். நகமுராவின் சுன்சாஃப்ட் அவனை இரவல் வாங்கி, 1993 செப்டம்பரில் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கருவியில் தனியாக ஒரு நிலவறைக்குள் அனுப்பியது: ‘டோர்னெக்கோவின் பெரும் சாகசம்: விந்தை நிலவறை’. செத்தால் எடுத்ததை இழந்து முதல் நிலைக்கு விழுவான். ரோக்கின் கண்டிப்பு அப்படியே இருந்தது. ஆனால் வெளியே மனைவியும் மகனும் காத்திருக்கிறார்கள். உயிரோடு கொண்டுவந்த பொருளை விற்று அவர்கள் கடையைக் கட்டுவார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக வளரும். நிலவறையில் எத்தனை முறை விழுந்தாலும் அது இடியாது. கனிவுக்குப் பழகிய பிள்ளைகளுக்குச் சாவைச் சகித்துக்கொள்ள அந்தக் கடை போதுமானதாக இருந்தது. ஆயிரம் முறை ஆடலாம் என்று சொல்லி விற்றார்கள், மக்களும் வாங்கினார்கள். அதே பொருளைச் சேகா மூன்றாண்டு முன்பே தந்திருந்தது. அதில் இல்லாதது ஒரு வீடும் அங்கே காத்திருக்கும் ஆட்களும்தான் என்று எனக்குப் படுகிறது.

1995 டிசம்பரில் சுன்சாஃப்ட் இரவல் நாயகனை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒருவனை உருவாக்கியது. பின்னல் தொப்பி, கோடு போட்ட மேலங்கி, தோளில் பேசும் மரநாய். பெயர் ஷிரென், நாடோடி. பெர்க்லி நிலவறையில் ரேஷன் உணவு தின்றுகொண்டிருந்த ‘அட்’ குறி, டோர்னெக்கோவிடம் ரொட்டி தின்று, ஷிரெனிடம் வந்து சோற்று உருண்டை தின்னத் தொடங்கியது. கடைக்காரரிடம் திருடிக்கொண்டு ஓடினால் அவர் துரத்தி அடிக்கும் வழக்கம், ஹேக்கும் நெட்ஹேக்கும் வளர்த்தது, இங்கேயும் வந்து சேர்ந்தது.

2005-இல் அதே சுன்சாஃப்ட் இந்த இலக்கணத்துக்குப் போகிமான் வேடம் போட்டது. ‘போகிமான் மிஸ்டரி டன்ஜன்’ உலகமெங்கும் பரவியது. ரோக் என்ற பெயரையே கேள்விப்படாத பிள்ளைகள், பிகாச்சுவாக மாறி அறைக்கு அறை, அடிக்கு அடி, ஆள் மாற்றி ஆள் நகர்ந்தார்கள். 2008-இல் பெர்லினில் ரோக்லைக் படைப்பாளிகள் கூடி, எது ரோக்லைக் எது இல்லை என்று அளவுகோல் வகுத்தார்கள்; ரைஸ்விட்ஸின் மகன் விதிகளைத் திருத்திய அதே நகரம். அதே ஆண்டு டெரெக் யூ ‘ஸ்பெலங்கி’யை வெளியிட்டு அந்த அளவுகோலை உடைத்தார்: ஓடிக் குதிக்கும் விளையாட்டுக்குள் மாறும் குகையையும், திருடினால் துப்பாக்கி தூக்கும் கடைக்காரரையும் வைத்தார். ‘பைண்டிங் ஆஃப் ஐசக்’, ‘ஹேடிஸ்’ எல்லாம் அந்த உடைப்பின் வழியே வந்தவை. ஷிரெனும் ஓயவில்லை, 2024-இல் ஆறாம் பாகம் வந்தது.

ஃபேட்டல் லேபிரிந்த்தை இன்று ஆட மோடம் தேவையில்லை. 2009-இலும் 2018-இலும் வந்த சேகா தொகுப்புகளில் சோனிக்கின் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. சோனிக்குக்காக வாங்கியவர்கள் பெரும்பாலும் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டார்கள். திறந்தால் சில பழக்கங்களோடு ஆரம்பியுங்கள். தெரியாத புட்டியையும் ஓலையையும் அரக்கன் பக்கத்தில் இல்லாதபோது, உடம்பில் தெம்பு இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். சாகும் நேரத்தில் திறக்கும் புட்டி காப்பாற்றுவது அரிது. பல எதிரிகள் சூழ்ந்தால் நடு அறையில் நிற்காதீர்கள். குறுகிய நடைவழிக்குள் பின்வாங்கினால் ஒருவர் பின் ஒருவராகத்தான் வரமுடியும். பசியைக் காட்டும் எண்ணை எப்போதும் பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது மாடிக்குப் பொழுதில்லை என்றால் கேவ் நுவாரை எடுத்து, தேவதைகளை விடுவிக்கும் பணியில் முதல் நிலையை ஆடிப் பாருங்கள். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.